ஈஸ்டுக்குக் காது கிடையாது

ஈஸ்டுக்குக் காது கிடையாது என்ற உண்மையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் என் பெரியப்பா மகன் ஹல்வோர். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவனுக்கு முன்னால் மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடலான எங்கள் ஃபியோர்டின் இரு கரைகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பீர் காய்ச்சியிருக்கிறார்கள். ஒருவருக்காவது இது தோன்றியதா? இல்லை. முளைகட்டிய பார்லியான மால்ட்டின் சாறு நிறைந்த தொட்டியில் ஈஸ்டைக் கொட்டியதும், விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி, உள்ளே குனிந்து, குடல் வெளியே வருகிற மாதிரி “ஓஓஓய்!” என்று கத்தியிருக்கிறார்கள். கத்தாவிட்டால் ஈஸ்ட் விழிக்காது. விழித்தாலும் பீரில் சுறுசுறுப்பு இருக்காது. சுறுசுறுப்பு இல்லாத பீரைக் குடிப்பவர்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழையைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் பீர் தேவையே இல்லை என்பதால் இது பெரிய நஷ்டமாகக் கருதப்படுகிறது.

ஹல்வோர் பெர்கன் நகரத்துக்குப் போய் நுண்ணுயிரியல் படித்தான். திரும்பி வந்து, மொத்தமே ஒரு செல் வைத்திருக்கும் உயிருக்குக் காது வைக்க இடம் கிடையாது என்று அறிவித்தான். அறிவித்தது ஓர் இறுதிச்சடங்கு விருந்தில். இறந்தவர் கத்துவதில் பேர் போனவர். அவர் கடைசியாகக் கத்திக் காய்ச்சிய பீரைக் கையில் பிடித்துக்கொண்டேதான் அறிவித்தான்.

அதோடு விடவில்லை. ஊரில் யார் யார் எப்படிக் கத்துவார்கள் என்று நடித்தும் காட்டுவான். மேல்வீட்டு பெர்கித் அக்காவை அவன் நடித்தால், சரிவில் மேயும் ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடும். பெர்கித் அக்காவே ஒருமுறை எதிர்க்கரையிலிருந்து அதைக் கேட்டுவிட்டு, தான் எப்போது கத்தினோம் என்று குழம்பியிருக்கிறாள்.

இப்படிப்பட்டவனுக்குச் செப்டம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்குப் பீர் காய்ச்ச ஆள் வேண்டும் என்று அண்ணி தூர்திஸ் கூப்பிட்டாள். கல்லூரியில் நான் இல்லாததை யாரும் கவனிக்கப்போவதில்லை என்பதால் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அண்ணி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“எய்வின், ஜோக்கு கீக்கு எதுவும் சொல்லக் கூடாது. சிரிச்சா தையல் பிரியுது.”

“சரி அண்ணி.”

“அந்த மூஞ்சியையும் வைக்காதே.”

“என் மூஞ்சியே இதுதான் அண்ணி.”

அவள் ஒரு தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தோள் குலுங்கியது. “போடா வெளிய,” என்றாள்.

அந்த வீட்டில் யாரும் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. பாப்பா பகலில் தூங்கி ராத்திரியில் ஆராய்ச்சி செய்யும் ரகம். வெளியே ஃபியோர்டின் மேல் பனிமூட்டம் இறங்கினால் இறங்கியபடியே நின்றது. ஜன்னலில் தண்ணீர் தெரிவதில்லை, மலை தெரிவதில்லை. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும். அதற்குள் நாங்கள் மூவரும் கம்பளிக் காலுறையோடு சத்தம் வராமல் நடமாடினோம். காப்பி போட்டது யார், குடித்தது யார் என்பதெல்லாம் நினைவில் இருப்பதில்லை. ஒருநாள் ஹல்வோர் வெண்ணெயை அலமாரியில் வைத்துவிட்டு, பாப்பாவின் தொப்பியைக் குளிர்பெட்டியில் வைத்தான். தொப்பி இருக்கவேண்டிய இடம் அதுதான் போலிருந்தது.

அந்தக் குளிர்பெட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தூர்திஸ் அண்ணியின் பிறந்த வீடு எதிர்க்கரையில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் பனி உருகும் காலத்தில் மலைச்சரிவு அப்படியே வழுக்கி இறங்கி, வீட்டையும் தொழுவத்தையும் தண்ணீருக்குள் கொண்டுபோய்விட்டது. ஆட்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். அண்ணியின் அப்பா போத்தோல்வ் இப்போது படகுத்துறை ஊரில் ஒரு அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருக்கிறார். அந்த வீட்டின் பொருள் என்று மிஞ்சியது, அண்ணி கல்யாணமாகி வந்தபோது ஜாம் பாட்டிலில் கொண்டுவந்த உலர்ந்த ஈஸ்ட் மட்டும்தான். வேறெங்கும் அது கிடையாது. எங்கள் பக்கம் ஈஸ்ட் செத்துவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஒரு வீட்டு ஈஸ்ட் நாலு வீட்டில் உயிரோடு இருக்கும். போத்தோல்வ் குடும்பம் மட்டும் யாருக்கும் தந்ததில்லை. கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து வயிறு முட்டப் பீர் கொடுப்பார்கள். ஈஸ்ட் என்றால் மட்டும் காது கேட்காது. நல்ல ஈஸ்ட், அந்தத் திமிர்.

அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தபோது புயலில் மின்சாரம் போனது. ஹல்வோரும் அவளோடு இருந்தான். திரும்பி வந்து பார்த்தால் குளிர்பெட்டியில் மீனெல்லாம் உருகி, அந்தத் தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது. காய்ந்த சருகு மாதிரி மொறுமொறுவென்று இருக்க வேண்டிய ஈஸ்ட், நனைந்த அட்டை மாதிரி ஒட்டிக்கிடந்தது. அண்ணி அதைத் துணியில் பரப்பி அடுப்புக்குப் பக்கத்தில் உலர்த்தினாள். கைப்பிடி அளவுகூடத் தேறவில்லை.

“பாதிய எடுத்து வச்சுக்கலாமே அண்ணி? ஒருவேளை...” என்றேன்.

“சாகக் கிடக்கிற படைய ரெண்டாப் பிரிச்சு அனுப்பினா ரெண்டும் திரும்பி வராது. மொத்தமும் போடணும்.”

“எல்லாமா செத்திருக்கும்? கொஞ்சம் பொழச்சிருந்தாப் போதும், அதுங்க ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்,” என்றான் ஹல்வோர். அவன் அப்படிச் சொன்னபோது ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு அவன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தேன். காப்பிக்குப் பதில் வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

காய்ச்சுவதற்கு முந்தின நாள் ஹல்வோரும் நானும் படகெடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனோம். போர்ஸ் பறிக்க. போர்ஸ் சதுப்பில் இடுப்பளவு வளரும் ஒரு செடி. இலையைக் கசக்கினால் கற்பூரமும் பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை தலைக்குள் ஏறும். கடையில் விற்கும் பீரில் கசப்புக்கும் கெடாமல் இருக்கவும் போடும் ஹாப்ஸ் பூ என்ன வேலை செய்கிறதோ அதை அண்ணி வீட்டுப் பீரில் போர்ஸ் செய்தது. எங்கள் வீட்டில் ஊசியிலைப் புதரான ஜூனிபரின் கிளையோடு நிறுத்திக்கொள்வோம். அண்ணிக்கு ஜூனிபரும் வேண்டும், போர்ஸும் வேண்டும். அதுவும் அவள் வீட்டுச் சதுப்பின் போர்ஸ். வீட்டை வாரிக்கொண்டுபோன மலை அந்தச் சதுப்பை மட்டும் தொடவில்லை.

துடுப்புச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பனிமூட்டத்துக்குள் படகு நகர்கிறதா, நிற்கிறதா என்பதே தெரியவில்லை. ஹல்வோர் துடுப்புப் போட்டபடியே கொஞ்சம் தூங்கினான் என்று நினைக்கிறேன். கை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. கரையில் ஒரு மரக்கதவு நின்றது. வேலி இல்லை, வீடு இல்லை, கதவு மட்டும். ஹல்வோர் அதைத் திறந்து உள்ளே போனான். நான் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போனேன்.

“கதவச் சாத்துடா,” என்றான்.

“நான் தொறக்கவே இல்லையே.”

அவன் திரும்பி வந்து, சாத்திவிட்டு, தாழ்ப்பாளும் போட்டான். அதற்குப் பிறகு இருவரும் சதுப்பில் முழங்கால் புதைய நின்று போர்ஸ் பறித்தோம். வாசனையில் கண் சொருகியது. பறிக்கப் பறிக்கப் பக்கத்தில் யாரோ மூன்றாவது ஆள் நின்று பறிக்கிற மாதிரியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஓர் ஆடு.

மறுநாள் விடிந்ததும் காய்ச்சும் கொட்டகையில் நெருப்பு மூட்டினோம். செப்புக் கொப்பரையில் தண்ணீரோடு ஜூனிபர் கிளைகளைத் திணித்துக் கொதிக்கவிட்டால், தண்ணீர் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு மாறும். கொட்டகை முழுக்கக் காடு வேகிற வாசனை வரும். அண்ணி தலையணையும் வயிறுமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஆணையிட்டாள். அடியில் ஜூனிபர் கிளையைப் பரப்பிய தொட்டியில் அரைத்த மால்ட்டைக் கொட்டி, அந்தத் தேன் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். ஊறிய பிறகு கீழ்க்குழாயைத் திறந்தால் கிளைகளே வடிகட்டிக் கொடுத்துவிடும். பழுப்பாக, பிசுக்காக, இனிப்பாகச் சாறு வழிந்தது. போர்ஸைத் துணியில் முடிந்து, சூடு ஆறும்வரை அந்தச் சாற்றில் தொங்கவிட்டோம். மேலே கூரையில் ஆவி முட்டி, சொட்டுச் சொட்டாகத் திரும்பி எங்கள் தலையிலேயே விழுந்தது.

அண்ணி நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். பாப்பா அவள் மடியில் தூங்கியது. நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றபடி தூங்கினேன். ஹல்வோர் மட்டும் விழித்திருந்தான். அது நல்லதற்கில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சாறு உடம்புச் சூட்டுக்கு வந்ததும் அண்ணி எழுந்து முழங்கையை விட்டுப் பார்த்தாள். சரி என்றாள். ஒரு மரக் கிண்ணத்தில் ஊறப்போட்டிருந்த ஈஸ்டை அவளே கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தாள். கிண்ணத்தை விரலால் வழித்து, விரலையும் சாற்றில் அலசினாள். பிறகு நிமிர்ந்து ஹல்வோரைப் பார்த்தாள்.

“கத்து.”

“என்னது?”

“யோவ், கத்துய்யா. நான் கத்தினா எல்லாம் வெளிய வந்துரும்.”

ஹல்வோர் தொண்டையைச் செருமினான். கத்துவதற்காக அல்ல, விளக்குவதற்காக. சத்தம் என்பது காற்றில் ஓடும் அதிர்வு, அதைக் கேட்க நரம்பு வேண்டும், நரம்புக்கு மூளை வேண்டும் என்று வரிசையாகச் சொன்னான். ஈஸ்டுக்கு வேண்டியது சூடு, சர்க்கரை, கொஞ்சம் காற்று. மூன்றையும் கொடுத்தாயிற்று என்றான். “நீ வேணும்னா காத்துக்காகக் கொஞ்சம் கலக்கிவிடு. அதுல அறிவியல் இருக்கு.”

“இதுல என் அப்பா இருக்காரு,” என்றாள் அண்ணி. “ஞாயித்துக்கிழமை வராரு. இத்தன மாசத்துல அந்த மாடிய விட்டு எறங்கினதே இல்ல. இதக் குடிக்கத்தான் எறங்குறாரு.”

“பொங்கினாக் குடிப்பாரு. பொங்கும். கத்தாமலே பொங்கும்.”

“நான் வேணா கத்தட்டுமா அண்ணி?” என்றேன். எனக்குக் கத்துவதில் கொள்கை எதுவும் கிடையாது.

“இந்த வீட்டுல தூங்குறவங்கதான் கத்தணும்.”

“நேத்து ராத்திரி இங்கதானே தூங்கினேன்?”

“யாரு தூங்கினா?”

அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் ஹல்வோரைப் பார்த்தாள். பிறகு “சரி” என்று சொல்லிவிட்டு, பாப்பாவை எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி பனிமூட்டத்துக்குள் நடந்து வீட்டுக்குப் போனாள். அந்தச் “சரி”யைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் மலை ஏற முடியாது. ஹல்வோர் தொட்டியின் மேல் மரப்பலகையையும் ஆட்டுத்தோலையும் போர்த்தினான்.

எங்கள் ஈஸ்டுகள் சோம்பேறிகள் அல்ல. மத்தியானம் போட்டால் சாயங்காலத்துக்குள் நுரை தோலை முட்டும். சாயங்காலம் தூக்கிப் பார்த்தோம். சாறு கண்ணாடி மாதிரி கிடந்தது. ஹல்வோரின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. இருட்டும்போது பார்த்தோம். அதே கண்ணாடி, அதே முகம், கொஞ்சம் வயதாகியிருந்தது.

அப்போது பெர்கித் அக்கா வந்தாள். மழை அங்கியிலிருந்து தண்ணீர் சொட்ட, கதவை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“காலையிலேர்ந்து ஜன்னலத் தொறந்து வச்சு உக்காந்திருக்கேன். பொக காலையிலயே வந்துச்சு. ஒரு சத்தத்தயும் காணோம். யாரும் கத்தலயா?”

“நாங்க கத்துறதில்லக்கா,” என்றான் ஹல்வோர்.

“கத்துறதில்லயா? என்ன மாதிரிக் கத்திக் காட்டி ஊரு பூரா சிரிக்க வைக்கிறியாமே? ஆட்டுக்குக் கத்துவ, ஈஸ்டுக்குக் கத்த மாட்டியா?”

ஹல்வோர் குனிந்து நெருப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். பெர்கித் அக்கா தோலைத் தூக்கி எட்டிப்பார்த்தாள். மோந்தாள். அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

“தூர்திஸ் வீட்டு ஈஸ்டா இது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஆமா.”

“மொத்தமும் போட்டுட்டாளா?”

“மொத்தமும்.”

பெர்கித் அக்கா தோலை மறுபடி போர்த்தினாள், தூங்குகிறவர்களுக்குப் போர்த்துகிற மாதிரி. போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல விட்டா சாறு புளிச்சிரும். என் ஈஸ்ட் இருக்கு. ஊத்தினா ஒரு மணி நேரத்துல சட்டையக் கிழிச்சிட்டு ஆடும். அது அவ வீட்டு பீர் ஆகாது. ஆனா பீர் ஆகும்.” பிறகு ஹல்வோரிடம், “அவங்க அப்பாகிட்ட ஈஸ்ட் கேட்டு நான் போயிருக்கேன்டா. பீரக் குடுத்து அனுப்பிட்டாரு. எப்பேர்ப்பட்ட பீரு!”

ராத்திரி போத்தோல்வ் போன் செய்தார். அண்ணி எடுத்தாள். பாப்பா எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார் போல. நல்லா இருக்கா என்றாள். அடுத்துப் பீரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். “இன்னும் இல்லப்பா,” என்றாள். “நாளைக்கு எழும்.” போனை வைத்துவிட்டு ரொட்டி வெட்டினாள். நாங்கள் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. ரொட்டியைத் திரும்ப ஒன்றோடொன்று சேர்த்து முழு ரொட்டி மாதிரி நிறுத்தி வைத்தாள்.

காலையிலும் கண்ணாடிதான். விறகு எடுக்க நான் பின்பக்கம் போனபோது ஹல்வோர் கோடரியோடு நின்றிருந்தான். எதையும் பிளக்கவில்லை. பாப்பாவை ஒரு நீளத் துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தான். அதற்கு அப்போதுதான் தூக்கம் பிடித்திருந்தது. கோடரியும் கைக்குழந்தையுமாக அவன் நின்ற கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. அந்த வீட்டின் தடை நினைவுக்கு வந்தது.

“டேய், ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லாத,” என்றான்.

“என்ன?”

“நேத்து நீங்கல்லாம் தூங்கும்போது இன்னொரு முடிச்சு போர்ஸ் போட்டேன்.”

“எதுக்கு?”

“ஹாப்ஸ் இல்லாத பீரு. கொதிக்க வைக்காத சாறு. வேற கிருமி பூந்துரக் கூடாதுன்னு. ஹாப்ஸ் பண்ற காவல் வேலையெல்லாம் போர்ஸ்தான பண்ணணும்? அவ போட்டது கம்மினு பட்டுச்சு. கணக்குப் போட்டேன். கணக்கு சரியாத்தான் வந்துச்சு.” அவன் பாப்பாவின் தலையைப் பார்த்தபடி பேசினான். “போர்ஸ்ல இருக்குற எண்ணெய் கிருமியக் கொல்லும். கிருமி எது, அவ வீட்டு ஈஸ்ட் எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே பாதி செத்தது. மிச்சத்த நான் கொன்னுட்டேன் போலருக்கு.”

“எண்ணெய்க்குக் கண்ணு கிடையாதே,” என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். எனக்கும் சில எல்லைகள் உண்டு.

“பிரிட்ஜுன்னு சொல்லிக்கலாம்ணா,” என்றேன். “மின்சாரம் போனதாலன்னு.”

“சொல்லிக்கலாம்.” கோடரியைச் சுவரில் சாய்த்தான். “ஆனா ஞாயித்துக்கிழம அவரு வந்து கிண்ணத்த வாயில வச்சதும், இது பெர்கித் வீட்டுதுன்னு சொல்லிருவாரு. அப்ப இவ மொகத்த நான் பாத்தாகணும்.”

பத்து, பதினோரு மணி வாக்கில் அண்ணி கொட்டகைக்கு வந்தாள். தோலைத் தூக்கிப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தாள், அது போதுமாயிருந்தது.

“மத்தியானம் பெர்கித்கிட்ட போய் வாங்கிட்டு வந்துரு, எய்வின்,” என்றாள். “நல்ல ஈஸ்ட்தான் அது.”

“இன்னும் நேரம் இருக்கு தூர்திஸ்,” என்றான் ஹல்வோர்.

“இருக்கட்டும். நான் கொஞ்சம் படுக்குறேன்.” கதவருகே நின்றாள். “நீ சொன்ன மாதிரி சூடு, சர்க்கரை, காத்து, எல்லாம் குடுத்தாச்சு. அதுக்கு மேல யாரு என்ன பண்ண முடியும்?” குத்தலே இல்லாமல் சொன்னாள். குத்தலோடு சொல்லியிருக்கலாம்.

அவள் போன பிறகு ஹல்வோர் நெருப்பைக் கிளறினான். கற்களைச் சூடாக்கி, துணியில் சுற்றி, தொட்டியைச் சுற்றி வைத்தான். வெப்பமானியைப் பார்த்தான். பாப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அதே கையைச் சாற்றில் வைத்துப் பார்த்தான். நான் மூலையில் குவித்திருந்த ஜூனிபர் கிளைகளின் மேல் ஒரு சாக்கைப் போட்டுச் சாய்ந்தேன். மத்தியானம் ஆனதும் எழுப்பு என்றேன். ஆவி கூரையில் தவழ்ந்தது. கூரைச் சொட்டு ஒன்று கொப்பரையில் விழுந்தது. அடுத்ததற்கும் அதற்கும் நடுவில் ஒரு பெரிய சதுப்பு விரிந்தது. அதன் நடுவில் ஒரு கதவு நின்றது. கதவுக்குப் பின்னால் போத்தோல்வ் கையில் கிண்ணத்தோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆடு.

கண் திறந்தபோது கொட்டகைக்குள் வெளிச்சம் மாறியிருந்தது. பனிமூட்டம் எங்கோ கிழிந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக ஒரு பட்டை வெயில் ஆவிக்குள் சாய்ந்து நின்றது. நான் அசையவில்லை. அசைய உடம்பும் தயாராயில்லை.

ஹல்வோர் தொட்டியின் தோலை முழுவதும் விலக்கி வைத்திருந்தான். எட்டிப் பார்த்தபடி நின்றான். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கதவுப் பக்கம் போய், வெளியே தலையை நீட்டி, வீட்டையும் பார்த்தான், மேலே பெர்கித் அக்காவின் ஜன்னலையும் பார்த்தான். கதவைச் சாத்தினான். கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, இருந்திருந்தால் போட்டிருப்பான்.

தொட்டிக்குத் திரும்பி வந்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான். ஒரு காலை நகர்த்தினான். சரியாக வரவில்லை போல. இன்னொரு காலையும் நகர்த்தி நன்றாக அகட்டி நின்றான். பெர்கித் அக்கா நிற்பது போலவே. ஊரில் எல்லாரையும் நடித்துப் பழகியவன், தோரணையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நெஞ்சில் கட்டியிருந்த பாப்பா நசுங்காதபடி ஒரு கையால் தாங்கிக்கொண்டு குனிந்தான். மார்பு நிறைய மூச்சை இழுத்தான். வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தான்.

“ஓஓய்,” என்றான்.

தூங்குகிற குழந்தைக்குக் கொசுவை ஓட்டுகிற சத்தம். பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. பாப்பா மூக்கைச் சுளித்து, உதட்டைச் சப்பி, திரும்பவும் அடங்கியது. ஹல்வோர் அது அடங்கும்வரை அதே கோலத்தில், வாயைத் திறந்தபடி, அசையாமல் நின்றான். சாற்றைப் பார்த்தான். ஒன்றுமில்லை. மறுபடி மூச்சை இழுத்தான்.

“ஓஓய். தூர்திஸ் வீட்டது நீ. எந்திரி.”

வெயில் பட்டை தொட்டியின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அந்த ஓரத்தில், மரமும் சாறும் தொடும் இடத்தில், கடுகளவு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அது சற்றுமுன்பே இருந்ததா, ஹல்வோர் இப்போதுதான் பார்த்தானா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது. அவன் அதன் மேல் மூச்சுக்கூடப் படாதபடி முகத்தைப் பின்னால் இழுத்தான். கடுகுக்குப் பக்கத்தில் இன்னொரு கடுகு வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, உடைந்து, நான்காகப் பரவின.

வீட்டுக்கு ஓடிப்போய் அவளை எழுப்புவான் என்று நினைத்தேன். போகவில்லை. காலை இன்னும் கொஞ்சம் அகட்டினான். பாப்பாவின் காதை உள்ளங்கையால் மெல்லப் பொத்திவிட்டு, குனிந்து, மூச்சை நிறைய இழுத்து, மறுபடியும் கத்தினான், யாருக்கும் கேட்காமல்.